பஸ்ராப் பிள்ளைகள் சாத்திய கதவு

இந்த வருஷம் நம்ம இஸ்லாமியக் கல்வித் துறைக்குப் புதுசா வந்திருக்கிறவங்கள்ல தமிழ் தெரிஞ்சவங்களும் இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லதாப் போச்சு. இங்கிலீஷ்ல சொன்னா இது பிரசங்கமாயிடும். பிரெஞ்சுல சொல்லலாம்னா, இத்தனை வருஷம் மான்ட்ரியல்ல குப்பை கொட்டியும் என் பிரெஞ்சு கடையில பால் வாங்குற அளவோட நின்னு போச்சு. இந்தக் கதையைத் தமிழ்ல சொன்னாத்தான் நியாயம், வேற பாஷையில சொன்னா முக்கியமான இடம் விட்டுப் போயிடும்.

வேலை பார்த்த காலம் முழுக்க நான் ஒரே கேள்வியைத்தான் கட்டிக்கிட்டு அழுதேன்: யார், யார்கிட்ட கேட்டாங்க? இஸ்லாத்தோட முதல் ரெண்டு நூற்றாண்டுல பஸ்ரா, கூஃபா, மதீனான்னு ஒவ்வொரு ஊர்லயும் நபியோட சொற்களைச் சொல்லிக் கொடுக்கிறவங்க இருந்தாங்க. அதைக் கேட்கிறதுக்காக ஜனங்க ஊர் விட்டு ஊர் போனாங்க. ஏட்டைத் தனியா உக்காந்து படிச்சவனுக்கு மதிப்பு கம்மி. சொல்றவர் முன்னாடி போய் உக்காந்து, அவர் வாயால கேட்டிருக்கணும். அப்புறம் அவன் அதைச் சொல்லும்போது, இதை நான் இன்னார்கிட்ட கேட்டேன், அவர் இன்னார்கிட்ட கேட்டார்னு பேர்களைச் சங்கிலியா சொல்லணும். ஒரு கண்ணி விட்டுப் போனா, விஷயம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சந்தேகம்தான். நாமம் போட்ட வீட்டுப் பையனுக்கு இதெல்லாம் எதுக்குடான்னு கும்பகோணத்துல எங்கப்பா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். பிடிச்சுது, படிச்சேன்.

எனக்கு இங்க வேலை வாங்கிக் கொடுத்தவர் பேரைச் சொல்லப் போறதில்ல. பெரியவர்னு வெச்சுக்குவோம். சொந்த ஊர் காயல்பட்டினம். இளவயசுலயே கப்பலேறினவர். இங்க கெபெக் பொண்ணைக் கட்டிக்கிட்டு, புவாண்ட்-கிளேர்ல ஏரிக்கரை ஓரமா வீடு வாங்கி, நான் வர்றதுக்குள்ள மனைவியைப் பறிகொடுத்தும் இருந்தார். ஒரே மகள் ஸலீமா. அவளுக்கு பிரெஞ்சும் இங்கிலீஷும் தண்ணி பட்ட பாடு, தமிழ் சுத்தமா வராது. அதனால அப்போ அவர் தமிழ் பேசுறது என்கிட்ட மட்டும்தான். முதல் நாளே, தனியா இருக்கும்போது சார் மோர்னு கூப்பிடாதீரும், காக்கான்னு கூப்பிடும்னார். நான் சிரிச்சிட்டேன். அவங்க ஊர்ல அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

வேலையில ஆள் ரொம்பக் கறார். நான் எழுதிக் கொண்டு போன முதல் கட்டுரையை அப்படியே திருப்பிக் கொடுத்துட்டார். மூலத்துல, இன்னார் இன்னார்கிட்டேருந்து, அப்படின்னு மட்டும்தான் இருந்தது. நான் அதை, இன்னார்கிட்ட கேட்டார்னு எழுதிட்டேன். ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு மெல்ல இழுத்தேன். ‘ஓய், அவர் கேட்டதை நீர் பார்த்தீரா?’ன்னார். அவ்வளவுதான். அன்னிலேருந்து ‘கேட்டார்’னு ஒரு சொல் எழுதுறதுக்கு முன்னாடி கை தானா நிக்கும். நீங்களும் அந்தப் பழக்கத்தைப் பிடிச்சுக்குங்க, சோறு போடும்.

தொண்ணூறுகளோட முதல் பாதி. அவர் நடத்துற செவ்வாய்க்கிழமை மத்தியான வகுப்புக்கு வெளியூர்லேருந்தெல்லாம் வருவாங்க. காகிதம் இல்லாம, கண்ணை மூடிக்கிட்டு, பஸ்ராக்காரங்க சங்கிலியை ஒவ்வொரு பேரா சொல்லிக்கிட்டே போவார். ஒரு நாள் அப்படிச் சொல்லிட்டு வரும்போது, ஒருத்தர் செத்துப் போனதுக்கு அப்புறம் பொறந்த ஒருத்தரை அவர்கிட்ட கேட்டவரா சொல்லிட்டார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. சுத்தி எல்லாரும் தலையைக் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தாங்க. ஸ்டெல்லா மட்டும் பேனாவைக் கீழ வெச்சிட்டு என்னைப் பார்த்தா.

ஸ்டெல்லா மன்னார்ப் பொண்ணு, கத்தோலிக்கக் குடும்பம். அப்பா டோர்வல் விமான நிலையத்துல பெட்டி ஏத்துற வேலை. இந்தப் படிப்பு எப்படிம்மா உனக்குன்னு ஒரு தடவை கேட்டேன். மன்னார்ல பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தோட ஒண்ணா வளர்ந்தாளாம். இவங்க இங்க வந்தப்புறம், வடக்குல இருந்த மத்த முஸ்லிம்களோட சேர்த்து அவங்களையும் இயக்கக்காரங்க ஊரை விட்டே அனுப்பிட்டாங்கன்னு தகவல் வந்துதாம். பக்கத்துல இருந்த வரைக்கும் அவங்க என்ன ஓதுறாங்கன்னு ஒரு நாளும் கேட்கலையேன்னு தோணிச்சாம். பெரியவர்கிட்டதான் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா. பாதி முடிஞ்சிருந்தது.

ஒரு பிசகு யாருக்கும் வரும்னு விட்டுட்டேன். ஆனா அடுத்த வாரமும் வந்தது. அதுக்கடுத்த வாரம் கூஃபா பத்திப் பேசிக்கிட்டே இருந்தவர், நடுவுல தமிழ்ல, ‘அந்தக் கதவைச் சாத்தும், காத்தடிக்குது’ன்னார். நான் எழுந்து போய்ச் சாத்தினேன். வகுப்பு முடிஞ்சதும் ஒரு கெபெக் பையன் வந்து, பேராசிரியர் நடுவுல சொன்ன அந்த அரபி வாசகம் எந்த நூல்ல வருதுன்னு கேட்டான். சத்தத்தை ஒண்ணு விடாம எழுதி வெச்சிருந்தான் பாவம். சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

நம்ம தொழில்ல இதுக்குன்னு ஒரு சொல் இருக்கு, இக்திலாத். கலங்கிப் போறது. ஒருத்தர் வயசு காலத்துல ஞாபகம் கலங்கிட்டா, அவரைப் பரிசோதிக்கிற அறிஞர்கள் ஈவிரக்கம் பார்க்க மாட்டாங்க. கலங்குறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டவங்க யாரு, பின்னாடி கேட்டவங்க யாருன்னு பிரிப்பாங்க. முன்னாடி கேட்டது செல்லும், பின்னாடி கேட்டது தள்ளுபடி. எது எப்போன்னு தெரியலைன்னா அதையும் ஒதுக்கி வெச்சிடுவாங்க. எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்ததே பெரியவர்தான்.

அதே பாடத்துல அவருக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு செய்தி உண்டு. பஸ்ராவுல ஒருத்தர் இப்படிக் கலங்கிப் போனார். அவர் பிள்ளைகளும் இதே கல்வி படிச்சவங்க. அப்பாவுக்கு என்ன ஆகுதுன்னு தெரிஞ்ச உடனே அவரை யாரும் பார்க்க முடியாதபடி அடைச்சிட்டாங்க. அந்த நிலையில அவர்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கல. அதனால அவர் பேர் கெடாமத் தப்பிச்சுது. இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியவர், பெத்தா அப்படிப் பிள்ளைகளைப் பெறணும்பார்.

அந்த வசந்த காலத்துல ஒரு பெரிய கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அவரைக் கௌரவிக்க, அவரே பேசுறதா. எங்கெங்கேயோ இருந்து ஆட்கள் வர்றாங்க. அவர் பெயரைக் கடிச்சுத் துப்பக் காத்திருந்த ரெண்டு பேரும் அதுல அடக்கம். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, பெரியவர் நல்லாத்தானே இருக்கார், எதாவது இருந்தா இப்பவே சொல்லிடுன்னார். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ரொக்ஸ்பரோவுல இருக்கிற என் வீட்டுலேருந்து காரை எடுத்துக்கிட்டு நேரா புவாண்ட்-கிளேர் போனேன்.

பெரியவர் உள்ள தூங்கிக்கிட்டு இருந்தார். சமையலறையில ஸலீமாகிட்ட இங்கிலீஷ்ல எல்லாத்தையும் சொன்னேன். அவளுக்கும் தெரிஞ்சுதான் இருந்தது. அடுப்பை அணைக்காம விட்டது, காரை எங்க நிறுத்தினோம்னு தெரியாம நின்னதுன்னு அவ பங்குக்கு அவ சொன்னா. அப்பா ஊர் முன்னாடி அசிங்கப்பட்டா அதைத் தன்னால தாங்க முடியாதுன்னு அழுதா. அப்போ நான் அந்த பஸ்ராப் பிள்ளைகள் கதையைச் சொன்னேன். அப்பா அதைச் சொல்லிக் கேட்டதே இல்லைன்னா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அப்ப நாமளும் அதைத்தான் செய்யணும் இல்லையான்னு கேட்டா. ஆமான்னேன்.

அப்படியே செஞ்சோம், சுத்தமா செஞ்சோம். உடம்பு சரியில்லை, ஓய்வு எடுக்கிறார், டாக்டர் யாரையும் பார்க்கக் கூடாதுன்னுட்டார்னு சொன்னேன். கூட்டம் அவர் இல்லாமலே நடந்தது, எல்லாரும் புகழ்ந்தாங்க. வீட்டுக்கு வர்ற போனை ஸலீமா மட்டும்தான் எடுப்பா. இன்னிக்கும் அவர் சொன்னதா ஒரு தப்பான வரியை யாரும் மேற்கோள் காட்டினதில்ல. அந்த மட்டுல நான் செஞ்சது சரிதான்னு இப்பவும் சொல்லுவேன், நீங்களும் அந்த இடத்துல இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பீங்க.

ஸ்டெல்லா என்கிட்ட வந்தது அதுக்கப்புறம்தான், அவ ஆராய்ச்சி இப்போ என் பொறுப்பு. ஆராய்ச்சியில அவர் வாய்மொழியா சொன்னதை எல்லாம் முன்னாடி கேட்டது, பின்னாடி கேட்டதுன்னு பிரிச்சு, பின்னாடி கேட்டதை முழுசா எடுத்துட்டா. ஒரு அத்தியாயமே போச்சு. மிச்சத்தை என் மேஜையில வெச்சிட்டு, போகாம நின்னா.

‘சேர், நான் ஒருக்காப் போய் அவரைப் பாத்திட்டு வரட்டோ?’

முடியாதும்மான்னேன்.

‘பாடம் கேக்க இல்லை சேர். சும்மா கதைக்க. இங்கிலீசிலயும் அரபியிலயும்தான் அவருக்குப் பிசகுது. என்னோட தமிழில கதைக்கேக்க அவர் ஒண்டும் குழம்பேல்லை. அந்த வீட்டில இப்ப ஆர் அவரோட தமிழில கதைக்கிறது?’

நல்லாக் கேட்டுக்குங்க, அந்தக் கேள்வி என் முன்னாடி அப்படித்தான் வந்து நின்னது, சுத்தி வளைக்காம. என்கிட்ட காரணம் ரெடியா இருந்தது. நீ போனேன்னு தெரிஞ்சா உன் பரிசோதகர்கள் கேட்பாங்க, இது எப்போ கேட்டதுன்னு. முன்னாடியா பின்னாடியான்னு ஒவ்வொரு வரிக்கும் நோண்டுவாங்க. உன் பட்டம் போயிடும்மான்னேன். ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணும்னும் சொன்னேன். அப்புறம் பார்க்கலாம், முதல்ல முடின்னேன். ஓம் சேர்னு தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. நான் சொன்னது அத்தனையும் உண்மைதான். அவ பட்டம் வாங்கினா, நல்லா வந்தா, மேற்கே ஒரு ஊர்ல வேலையும் கிடைச்சுப் போயிட்டா. அந்த ‘அப்புறம்’ மட்டும் வரவே இல்ல.

நான் போனேனான்னு கேட்பீங்க. ஒரு தடவை போனேன். அந்த வருஷமே, இலை உதிர்ற நேரம். பெரியவர் கதவைத் திறந்தார். கோட்டுப் போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டித் தயாரா நின்னார். என்னை அடையாளம் தெரிஞ்சுது. ‘வாரும், இன்னிக்கு எந்தப் பாடம்?’னார். தமிழ் அப்படியே கணீர்னு இருந்தது, பழைய மாதிரியே. இன்னிக்குப் பாடம் இல்ல காக்கா, லீவுன்னேன். ஓஹோ லீவான்னு கோட்டைக் கழட்ட ஆரம்பிச்சார். பொத்தானைக் கழட்டுறதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. ஒரு டீயைக் குடிச்சிட்டு நான் ஓடி வந்துட்டேன்.

அதுக்கப்புறம் போகல. பனி கொட்டுது, விடைத்தாள் குவிஞ்சு கிடக்கு, காருக்குக் குளிர்கால டயர் மாத்தல. மான்ட்ரியல் குளிர்காலத்தை மாதிரி ஒரு சாக்கு நம்ம ஊர்ல கிடைக்காது. உண்மையைச் சொல்லணும்னா, அவரை அந்தக் கோலத்துல பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அவர் மானத்தைக் காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டு என் மனசையும் காப்பாத்திக்கிட்டேன். ரெண்டும் ஒரே கதவுதானே, சாத்தினது வசதியாப் போச்சு.

நாலு குளிர்காலம் அப்படியே போச்சு. அவர் தூக்கத்துலயே போயிட்டார். அடக்கத்துக்குப் பள்ளிவாசல் கொள்ளாத கூட்டம். பழைய மாணவர்கள் எல்லாம் வந்திருந்தாங்க. கதவு அடைச்சிருந்த வரைக்கும் வர முடியாதவங்க அத்தனை பேரும் வந்தாங்க. ஸ்டெல்லாவும் விமானம் பிடிச்சு வந்திருந்தா. என் கையைப் பிடிச்சிட்டுப் போயிட்டா.

ஒரு மாசம் இருக்கும். ஒரு மத்தியானம் ஆபீஸ் போன் அடிச்சுது. ஸலீமா. புத்தகங்களை என்ன பண்றதுன்னு ஆரம்பிச்சு, சுத்தி வளைச்சு, கடைசியில, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும், கேட்கலாமா வேண்டாமான்னு இத்தனை நாள் யோசிச்சேன்னா. கேளும்மான்னேன்.

துறையில வாண்டாஷான்னு யாராவது ஒரு பொண்ணு இருந்தாளான்னு கேட்டா.

மாணவி, செகரட்டரி, லைப்ரரியில வேலை பார்த்தவங்கன்னு எல்லாரையும் யோசிச்சுப் பார்த்தேன். அப்படி யாரும் இல்லையேன்னேன். அவ விடல. அப்பா கடைசி வருஷங்கள்ல அந்தப் பேரைத்தான் தினமும் கேட்டார்னா. மத்தியானம் ஆச்சுன்னா கோட்டை மாட்டிக்கிட்டு வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காந்துடுவாராம். ஸலீமா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்து, வாண்டாஷான்னு கேட்பாராம். அம்மாவுக்கு முன்னாடியோ பின்னாடியோ அப்பாவுக்கு வேற யாரோ இருந்திருக்காங்கன்னு அவ நினைச்சுக்கிட்டா. முதல்ல கோபமா வந்துதாம். அப்புறம் பாவமாப் போச்சாம். யாராயிருந்தாலும் பரவாயில்ல, கண்டுபிடிச்சு, அப்பா உன்னையே நினைச்சுக்கிட்டு இருந்தார்னு சொல்லணும்னு இருக்குன்னா.

இன்னொரு தடவை சொல்லும்மா, அப்பா சொன்ன மாதிரியே சொல்லுன்னேன். ஸலீமா அந்த பிரெஞ்சு உச்சரிப்பை விட்டுட்டு, அப்பா குரலை அப்படியே கொண்டு வந்து, கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுத்து சொன்னா.

வந்தாச்சா?

போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு அர்த்தம் தெரியாத ஒரு சொல்லை, வருஷக் கணக்கா, ஒரு சத்தம் குறையாமக் காப்பாத்திக் கொண்டு வந்து என்கிட்ட சேர்த்திருந்தா. பஸ்ராவுலயும் கூஃபாவுலயும் அப்படிச் சுமந்து வந்தவங்களைப் பத்தி எத்தனையோ பாடம் நடத்தியிருக்கேன். புரியாமலே சரியாக் கொண்டு வர்றவர் உண்டு, புரிஞ்சவர்கிட்ட அது போய்ச் சேரணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். போய்ச் சேர்ந்தது என்கிட்ட.

இன்னொண்ணும் அப்போதான் உறைச்சுது. பஸ்ராவுல அந்தப் பிள்ளைகள் கதவைச் சாத்தினது உண்மை. ஆனா உள்ளே அவங்க இருந்தாங்க. அப்பா பேசினது அவங்களுக்குப் புரிஞ்சுது. வெளியே சொல்லல, அவ்வளவுதான். நாங்க சாத்தின கதவுக்கு உள்ளே இருந்தவளுக்கு மொழி தெரியாது. மொழி தெரிஞ்ச நான் வெளியே இருந்தேன், தெரிஞ்ச இன்னொருத்தியையும் விடல. அந்தக் கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இந்த இடத்தை ஒரு தடவை கூட யோசிக்கல. நீங்க அந்தச் செய்தியைப் பாடம் நடத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்க. கலங்கினவர் சொல்றதை எழுதிக்காதீங்க, மேற்கோள் காட்டாதீங்க, சரி. போய்ப் பக்கத்துல உக்காந்து கேட்கக் கூடாதுன்னு எந்த நூல்லயும் இல்ல.

ஸலீமாகிட்ட பொய் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. யாரோ பழைய மாணவி, செத்துப் போயிட்டான்னு முடிச்சிருக்கலாம். ஆனா இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு அதைச் செய்ய முடியாது. அது பேர் இல்லம்மா, தமிழ், எல்லாரும் வந்துட்டாங்களான்னு கேட்டிருக்கார், வகுப்புக்குன்னு சொன்னேன்.

எல்லாரும்னா யாருன்னு கேட்டா.

‘நாங்கதான்’னேன்.

அவ அழல. ஆனா குரல் மாறிப் போச்சு. அப்பா கேட்கிறப்பல்லாம் தான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்னா. ‘இல்லப்பா, அவ வரமாட்டா.’ பிரெஞ்சுல, அன்பாத்தான், கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாளாம். ஒவ்வொரு நாளும்.

தமிழ்ல நான் என்ன சொல்லியிருக்கணும்னு கேட்டா. சொன்னேன். ஒரு எழுத்துதாம்மா வித்தியாசம், கடைசியில சா இல்ல, சு. அவ அதைத் தனக்குள்ள ஒரு தடவை முணுமுணுத்துக்கிட்டா. அப்புறம் போன்ல, மெதுவா, எங்க காயல்பட்டினத்துக் காக்காவுக்குப் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி, ‘வந்தாச்சு’ன்னா. உச்சரிப்புல ஒரு குறையும் இல்ல.